நாற்கொடையும் உளநலமும்: தென்காசிச் சீமை வரலாற்றில் ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாக வேங்கடத்தைச் சுட்டும். அவ்வேங்கடத்தின் பெயரைத் தாங்கிய ஊர் ஒன்று தென்பாண்டி நாட்டின் கரிசல் நிலத்திலும் உண்டு. 2019ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் திருநெல்வேலியினின்றும் பிரிந்து தனி மாவட்டமாகிய தென்காசியின் வட்டத் தலைநகர்களுள் ஒன்றாகிய திருவேங்கடமே அது. இவ்வூருக்குத் தெற்கே கழுகுமலையும், தென்மேற்கே சங்கரன்கோயிலும் ஒரு பகல் நடைத் தொலைவிற்குள் அமைந்துள்ளன. அவ்வழியே இன்னும் மேற்சென்றால் தென்காசியும் குற்றாலமும் வரும்.

இந்நிலத்து மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் வினாக்கள் சில உள. அருவியில் தலை நனைய நின்றால் பித்தம் தெளியுமா? தலைக்கு எண்ணெய் வைத்தால் மூளை குளிருமா? வல்லாரை நினைவை வளர்க்குமா? பாடத்தை நெட்டுருச் செய்வதால் அறிவு கூர்மையாகுமா, மழுங்குமா? சித்தம் கலங்கிய ஒருவரை முதலில் கோயிலுக்கு அழைத்துச் செல்வதா, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதா? இவற்றிற்கு விடை கூறுதல் மருத்துவர் கடமை. ஆயினும், இவ்வினாக்கள் எங்கிருந்து எழுந்தன, ஏன் இன்னும் எழுகின்றன என்பதை ஆராய்தல் இலக்கியமும் வரலாறும் பயில்வோர்க்கு உரியது. ஈற்றில் நின்ற வினாவிற்கு உரிய காலத்தில் விடை கிடையாமையால் உயிரிழந்தோர் உண்டு என்பதை இக்கட்டுரையின் ஐந்தாம் பகுதி காட்டும்.

உணவு, மருந்து, கல்வி, புகல் என்னும் நான்கும் ஒருங்கே நின்றவிடத்து உடல்நலமும் உளநலமும் கல்வியும் ஒருங்கே பேணப்பட்டன என்பதும், அவை தனித்தனியே பிரிந்து நின்றபொழுது மக்கள் இடருற்றனர் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

2. பெயரும் மருந்தும்

முதற்கண் சொல்லை நோக்குவோம். மூளை என்னும் தமிழ்ச்சொல் மண்டையோட்டினுள் இருப்பதையும் குறிக்கும். எலும்பினுள் இருக்கும் பசையையும் குறிக்கும். பண்டைத் தமிழர் மூளையை அறியாதவர் அல்லர். ஆனால், எண்ணுதல், அறிதல், நினைத்தல் ஆகிய தொழில்களை அவர்கள் அதன்மேல் ஏற்றிக் கூறவில்லை. அத்தொழில்களுக்கு உரியனவாக அவர்கள் கொண்டவை நெஞ்சம், உள்ளம், மனம் என்பன. உயிர்களை ஆறு வகையாகப் பகுத்த தொல்காப்பியர், ஐம்பொறி அறிவிற்கு மேற்பட்ட ஆறாம் அறிவிற்கு மனத்தையே நிலைக்களனாகக் கூறினார். திருக்குறளில் நெஞ்சொடு கிளத்தல் என ஓர் அதிகாரமே உண்டு. சைவ சித்தாந்த நூல்கள் மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என அகக்கருவிகளை நான்காக வகுத்தன. எந்நூலும் இவற்றிற்கு மூளையை இருப்பிடமாக வற்புறுத்தவில்லை. கிரேக்க நாட்டிலும் இக்கருத்து வேறுபாடு நிலவியது. அரிஸ்டாட்டில் இதயமே உணர்வின் நிலைக்களம் என்றார். இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூலொன்று மூளையே என்றது.

இதனால் விளைந்தது யாதெனின், அறிவு திரிந்த நிலைக்குத் தமிழில் மூளையோடு தொடர்புடைய பழம்பெயர் அமையவில்லை. பித்து என்பது ஒரு பெயர். பித்தம் என்னும் நாடி மிகுந்தமையால் உண்டாவது என்னும் மருத்துவக் கருத்து அதனுள் அடங்கியுள்ளது. பேய் பிடித்தல் என்பது மற்றொரு பெயர். புறத்தேயுள்ள ஓர் ஆற்றல் உள்ளே புகுந்தது என்பது அதன் பொருள். மூளைக் கோளாறு என்பது பிற்காலத்து வந்த மூன்றாவது பெயர்.

நோய்க்கு இட்ட பெயரே மருந்தையும் இடத்தையும் வகுத்தது. பித்து என்றால் சூடு தணிய வேண்டும். ஆதலின் குளிர்ந்த நீரும் எண்ணெயும் நாடிக் குற்றாலம் சென்றனர். பேய் என்றால் அஃது அகல வேண்டும். ஆதலின் சங்கரன்கோயிலுக்கும் பொட்டல்புதூருக்கும் சென்றனர். மூளை என்றால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அதுவோ நெடுங்காலம் எட்டாத் தொலைவில் இருந்தது. ஒரே துன்பத்திற்கு மூன்று பெயர்களும் மூன்று வழிகளும் அமைந்தமையே இவ்வரலாற்றின் அடிப்படை.

3. கழுகுமலையும் நாற்கொடையும்

இம்மூன்று வழிகளும் பிரிவதற்கு முற்பட்ட ஒரு கருத்தைக் கழுகுமலையிற் காண்கிறோம். கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் அம்மலை சமணர்க்குப் பெரியதொரு நிலையமாக விளங்கியது. பாறையிற் செதுக்கிய தீர்த்தங்கரர் திருமேனிகள் வரிசை வரிசையாக இன்றும் காணப்படுகின்றன. அவற்றின் அடியில் வட்டெழுத்தில் அத்திருமேனிகளைச் செய்வித்தோர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவருள் குரவரும் உளர், குரத்தியரும் உளர், அவர்தம் மாணாக்கரும் மாணாக்கியரும் உளர். திருச்சாரணத்துக் குரத்தியார் போன்றோர் பெயர்கள் பெண்டிரும் ஆசிரியராய் வீற்றிருந்தமைக்குச் சான்றாகும். சித்தாந்தம் உரைக்கும் துறவியர்க்கு உணவளிக்க ஏற்பாடு செய்த செய்தியும் அக்கல்வெட்டுக்களிடையே உண்டு. பயில்வோர்க்கும் பயிற்றுவோர்க்கும் உணவு முதற்றேவை என்பதை அக்காலத்தார் அறிந்திருந்தனர்.

சமணர் இல்லறத்தார்க்கு விதித்த கொடைகள் நான்கு. அன்னதானம், அபயதானம், ஔடததானம், சாத்திரதானம் என அவற்றை வழங்குவர். உணவளித்தல், அஞ்சி வந்தோர்க்குப் புகலளித்தல், நோயுற்றோர்க்கு மருந்தளித்தல், கல்வி அளித்தல் என்பன அவற்றின் பொருள். உடலுக்கு வேண்டுவன இரண்டும், உள்ளத்திற்கு வேண்டுவன இரண்டும் இங்கு ஒரே வரிசையில் நிற்கின்றன. புகலை மருந்தோடு ஒப்பவைத்து எண்ணியமை சிறப்பாகக் கருதற்பாலது. அச்சத்தை நீக்குதலும் ஒரு கொடையே என்னும் எண்ணம், உளநோய் பற்றிய இற்றை நாட் கருத்திற்கு மிகவும் அணித்தாக உள்ளது.

இக்கருத்து ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதாய் நின்றதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்துக் கல்வெட்டொன்று உள்ளது. அக்கோயிலைச் சார்ந்து வேதமும் இலக்கணமும் பயிற்றும் கல்லூரியும், மாணவர் விடுதியும், வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலர் சாலையும் நடைபெற்றமையை அது விரித்துரைக்கின்றது. ஆதுலர் சாலையில் நோயாளிகளுக்குப் படுக்கைகள் 15 இருந்தன. மருத்துவர், அறுவை செய்வோர், மருந்து கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோர்க்குத் தனித்தனியே ஊதியம் வகுக்கப்பட்டது. ஆண்டுதோறும் இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு. அதனுள் கடுக்காய் சேர்ந்த மருந்துகள் பல. புராணகிருதம் எனப்படும் பழநெய்யும் ஒன்று. பழநெய்யை உன்மாதத்திற்கும் வலிப்பிற்கும் உரிய மருந்தாக ஆயுள்வேத நூல்கள் கூறும். ஆகவே, மாணவர் பயிலும் இடத்திலேயே அறிவு திரிந்தார்க்கு உரிய மருந்தும் இருப்பில் இருந்தது எனக் கொள்ளலாம். அம்மருந்தின் ஆற்றல் யாதாயினும், உணவும் கல்வியும் மருந்தும் உறையுளும் ஒரே வேலிக்குள் அமைந்தமை நாம் கருதத்தக்கது.

4. குற்றாலம்: தலையும் நீரும்

குற்றாலத்தில் மருத்துவமும் வழிபாடும் பிரியாது நின்றமையை அக்கோயில் வழக்கங்களே காட்டும். திருமால் கோயிலாய் இருந்ததனை அகத்தியர் சிவன் கோயிலாக மாற்றினார் என்பது தலபுராணக் கதை. நின்ற திருமேனியின் தலையில் முனிவர் கைவைத்துக் குறுகச் செய்தமையால் இறைவனுக்குத் தலைநோவு உண்டாயிற்று என்றும், அது தீரவே மூலிகைத் தைலம் நாள்தோறும் சாத்தப்படுகிறது என்றும் கூறுவர். அத்தைலத்தை அடியார்கள் தம் தலைநோவிற்கு மருந்தாகப் பெற்றுச் செல்வர். அருவியின் குளிர்ச்சி தாக்காதிருத்தற்பொருட்டுக் கடுக்காய் முதலிய சரக்குகளால் ஆன குடிநீரை இரவில் இறைவனுக்குப் படைப்பதும் உண்டு. இறைவனுக்கே தலைநோவும் குளிரும் உண்டெனக் கருதிய மக்கள், நோயை இழிவாகக் கருதியிருத்தல் இயலாது. இம்மனப்பான்மை மருத்துவத்திற்கு முதல் துணையாகும்.

தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே சாரலைக் கொணரும் ஆனி, ஆடி, ஆவணித் திங்கள்களில் குற்றாலத்தில் மக்கள் திரள்வர். பேரருவியின் நீர் மேலிருந்து நேரே விழாமல், இடையே பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த பள்ளத்தில் விழுந்து, விசை தணிந்து, பின்னர்க் கீழே இறங்குகிறது. அதனாலேயே மக்கள் அதன்கீழ் நிற்க இயல்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியும் தலபுராணமும் பாடி இவ்விடத்தின் புகழை நிலைநாட்டினார். பிற்காலத்தே ஆங்கிலேயர் இவ்விடத்தை உடல்நலம் பெறும் இடமாகக் கொண்டனர். தாவர நூலறிஞர் இராபர்ட்டு வைட்டு 1830களில் இங்குச் செடிகொடிகளைத் திரட்டினார். மலைச்சரிவின் மூலிகைகளை நாட்டு மருத்துவர் அறிந்திருந்தது போலவே ஐரோப்பிய அறிவியலும் அறியத் தலைப்பட்டது.

இனி, அருவியில் நின்றால் பித்தம் தெளியுமா என்னும் வினாவை நோக்குவோம். குளிர்நீர் தோலிற் பட்டவுடன் மூச்சு விரைகின்றது, இதயத்துடிப்பும் குருதியழுத்தமும் உயர்கின்றன, உடல் விழிப்புறுகின்றது. அதன்பின் ஓர் எழுச்சியும் அமைதியும் தோன்றுதல் பலர்க்கும் பட்டறிவு. பயணம், நடை, நண்பர் குழாம், நல்ல பசி, நல்ல உறக்கம் ஆகியனவும் உடன்சேர்கின்றன. சோர்ந்த உள்ளம் இவற்றால் தெளிவடைதல் இயல்பே. ஆயினும், மண்டையோட்டின்மேல் விழும் நீர் மூளையைச் சென்று கழுவுவதில்லை. மனச்சிதைவு போன்ற கடுநோய் இதனால் தீர்வதில்லை. இதய நோய் உடையோர்க்குத் திடீர்க் குளிர் தீங்கு பயக்கலாம். காக்கை வலிப்பு உடையோர் அருவியிலும் ஆற்றிலும் துணையின்றி நீராடுதல் உயிருக்கே கேடாகும்.

எண்ணெய்க் குளியலும் இத்தகையதே. தலையில் தேய்த்த எண்ணெய் மண்டையோட்டைக் கடந்து மூளையை அடையாது. தேய்க்கும் கையின் இதமும், வெந்நீரும், அன்று பிற்பகல் கொள்ளும் ஓய்வுமே அதன் பயன். வாரத்தில் ஒரு நாளேனும் உடலை ஓயவிடுதல் வேண்டும் என்னும் ஒழுங்கை அவ்வழக்கம் காத்தது.

5. சங்கரன்கோயில்: புகலின் வலியும் குறையும்

பேய் என்னும் பெயர் நோயாளரை வேறொரு வழியிற் செலுத்தியது. சங்கரன்கோயிலில் புற்றுமண்ணே மருந்தாக வழங்கப்படுகின்றது. கோமதியம்மன் திருமுன் தரையில் அமைந்த சக்கரக் குழியொன்று உண்டு. திருவாவடுதுறை ஆதீனத்து வேலப்ப தேசிகர் அதனை அமைத்தார் என்பது கோயில் மரபு. சித்தம் கலங்கியோரை அங்கு அமரச் செய்து வழிபடுவர். கடையத்திற்கு அணித்தாயுள்ள பொட்டல்புதூரில் முகைதீன் ஆண்டவர் பெயரால் அமைந்த பள்ளிவாசலுக்கு இசுலாமியரும் இந்துக்களும் ஒருங்கே நேர்ச்சை செலுத்துவர். சாதி சமய வேறுபாடு நோயின்முன் தளர்ந்துவிடுவதை இவ்விடங்களிற் காணலாம்.

இவ்விடங்கள் நோயாளர்க்கு அளித்தது யாது? பெங்களூரைச் சார்ந்த மருத்துவ அறிஞர் குழுவொன்று, வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய உளநோயாளர் 31 பேரை ஆராய்ந்து, 2002இல் பிரிட்டிசு மருத்துவ இதழில் தம் முடிவை வெளியிட்டது. அங்கு அவர்கட்கு மருந்தும் இல்லை. சிறப்பான சடங்கும் இல்லை. ஏறத்தாழ ஆறு வாரம் உறவினர் ஒருவருடன் தங்கி, கோயிற் பணிகளில் ஈடுபட்டனர். நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அச்சுறுத்தாத, அரவணைக்கும் சூழலே அதற்குக் காரணமாகலாம் என ஆய்வாளர் கருதினர். நாற்கொடையுள் புகல் என்பதன் ஆற்றலுக்கு இது தக்கதொரு சான்று.

ஆயினும், ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததெனின் ஐந்தில் நான்கு பங்கு எஞ்சியது என்பதையும் மறத்தலாகாது. மருந்தற்ற புகல், மேற்பார்வையும் அற்றுப்போமாயின் சிறையாக மாறும். இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தர்காவை நாடி வந்த உளநோயாளரைத் தனியார் விடுதிகள் பல தங்கவைத்தன. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் அத்தகைய விடுதியொன்றில் தீப்பற்றியது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தவர்கள் ஓட இயலாது மாண்டனர். இறந்தோர் தொகை 28. உச்சநீதிமன்றம் தானே முன்வந்து இவ்வழக்கை எடுத்துக்கொண்டது. உளநோயாளரைச் சங்கிலியாற் பிணித்தலை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகவே தடைசெய்தது.

இந்நிகழ்ச்சிக்குத் தர்காவின் மீதுள்ள நம்பிக்கையை மட்டும் காரணமாகக் கூறுதல் வரலாற்றுக்கு முழுதும் பொருந்தாது. மருத்துவம் மக்களுக்கு எட்டாதிருந்தமையும் உடன்காரணம் ஆகும். அதனை அடுத்து நோக்குவோம்.

6. மருந்து சென்ற தொலைவு

சித்த மருத்துவர் உளநோயைக் கிரிகை என வழங்கி, அதனைப் பதினெட்டு வகையாகப் பகுத்தனர். அகத்தியர் பெயரால் வழங்கும் கிரிகை நூல் அவ்வகைகளின் குறிகளைக் கூறும். மிகுதியாகப் பேசுதல், பேசாதிருத்தல், அழுதல், சிரித்தல், உணவை மறுத்தல் எனக் குறிகளை நோக்கி நோயை வகைப்படுத்த முயன்ற அம்முறை, பேய் என்னும் பொதுப்பெயரினும் மேம்பட்டது என்பதில் ஐயமில்லை.

மூளையே அறிவின் நிலைக்களம் என்னும் கருத்தைத் தமிழ் உரைநடையில் பரப்பியவருள் முதன்மையானவர் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர் மானிப்பாயில் மருத்துவமனை நிறுவி, பின்னர்த் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். 1852இல் வெளிவந்த அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் உடலின் அமைப்பு, அதன் தொழில், நலம் பேணல் ஆகிய மூன்றையும் ஒருங்கே கூறியது. 1872இல் மனுஷ அங்காதிபாதம் வெளிவந்தது. கிறீன் ஆக்கிய சொற்கள் பல இன்று வழக்கொழிந்தன. ஆயினும், மருத்துவத்தைத் தாய்மொழியிற் பயில இயலும் என்பதை அவர் செயலிற் காட்டினார்.

சென்னையில் உளநோயாளர்க்கென ஓர் இல்லம் 1794இல் தோன்றியது. 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை நடைபெற்று வருகின்றது. தென்காசியிலிருந்து அதன் தொலைவு ஏறத்தாழ 600 கிலோமீட்டர். திருநெல்வேலியில் மருத்துவக் கல்லூரி 1965இல்தான் எழுந்தது. அதுவரை ஒரு கரிசற்காட்டு உழவர் தம் மகனைச் சென்னை வரை அழைத்துச் செல்லுதல் எளிதன்று. சங்கரன்கோயிலோ அரை நாள் வழி. மேலும், அக்காலத்து மனநல மருத்துவமனைகள் நோயாளரைச் சுற்றத்தினின்றும் பிரித்து அடைத்துவைத்தனவேயன்றி, நோய் தீர்க்கும் மருந்து அவற்றிடமும் இல்லை. கோயிலில் புகல் இருந்தது, மருந்து இல்லை. மருத்துவமனையில் மருந்தும் இல்லை, புகலும் இல்லை. மக்கள் கோயிலைத் தேர்ந்தமை அறியாமையால் மட்டும் நிகழ்ந்ததன்று.

1952இல் நிலை மாறியது. பிரான்சு நாட்டில் குளோர்புரோமசீன் என்னும் மருந்து மனச்சிதைவின் குறிகளைத் தணிப்பது கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் சர்ப்பகந்தி என்னும் நம் நாட்டு வேரிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. அவ்வேர் பித்திற்கும் உயர் குருதியழுத்தத்திற்கும் பயன்படுதலைக் கல்கத்தாவில் சென், போஸ் என்னும் இருவர் 1931இலேயே எழுதியிருந்தனர். சோர்வு நோயை உண்டாக்கும் குறையினால் ரெசர்பின் பின்னர் அருகியது. எனினும், நாட்டு மருத்துவச் செய்திகளை ஆய்வுக்களத்தில் நிறுத்துப் பார்த்தல் பயன்தரும் என்பதற்கு அஃது ஓர் எடுத்துக்காட்டு. வல்லாரை பற்றிய வழக்கையும் அவ்வாறே நிறுத்துப் பார்க்க வேண்டும். அதன்மேல் இதுகாறும் நடந்த ஆய்வுகள் சிறியன. கீரை என்ற அளவில் உண்ணலாம். நினைவு மருந்து எனத் துணிந்து கூறுதற்குச் சான்று போதாது.

இன்றோ மாவட்டந்தோறும் மனநலத் திட்டம் இயங்குகின்றது. ஏர்வாடித் தர்காவில் மருந்தையும் மன்றாட்டையும் இணைக்கும் தவா–துவா என்னும் திட்டத்தை அரசு தொடங்கியது. பிரிந்த இரண்டு கொடைகள் அங்கு மீண்டும் சேர்ந்தன. மனச்சிதைவு நோயில் மருந்து தொடங்குவதற்கு முன் கழியும் காலம் நீள நீளக் குணமடைதல் அரிதாகும் என்பது இன்று நிறுவப்பட்ட உண்மை. ஆதலின், வழிபாட்டை விடச்சொல்லி வாதிடுவதினும், வழிபாட்டிற்கு வந்த இடத்திலேயே மருத்துவரைக் காணச் செய்தல் தக்க நெறியாகும்.

7. கல்வியும் உணவும்

எஞ்சிய கொடை கல்வி. தென்காசிப் பாண்டியருள் ஒருவரான அதிவீரராம பாண்டியர் இயற்றிய வெற்றிவேற்கை, நறுந்தொகை என்னும் பெயராலும் வழங்கி, திண்ணைப் பள்ளிகளில் இளஞ்சிறார் பாடமாக நெடுங்காலம் இருந்தது. நைடதம் பாடிய ஒரு மன்னர் சிறுவர்க்கும் நூல் செய்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. மணலில் எழுதுதல், உரக்கச் சொல்லுதல், முறை வைத்துக் கூறுதல், மூத்த மாணவன் இளையோனுக்குக் கற்பித்தல் என்பன திண்ணைப் பள்ளியின் முறைகள். 1789 முதல் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் சிறாரைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்தினார். 1797இல் அவர் வெளியிட்ட நூல்வழியே அது சென்னை முறை என்னும் பெயரால் இங்கிலாந்திற் பரவியது. சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தமையை ஆளுநர் மன்றோ 1826இல் பதிவுசெய்தார்.

நெட்டுரு அறிவை வளர்க்குமா என்னும் வினாவிற்கு இம்முறைகளே விடை தரும். ஒரு பாடத்தை மீண்டும் மீண்டும் படிப்பதினும், ஏட்டை மூடிவைத்து நினைவிலிருந்து கூற முயல்வதே அதனை ஆழப் பதியவைக்கும் என்பதை 2006 முதலாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இடைவெளிவிட்டு மீண்டும் கூறுதலும் அத்தகையதே. பிறர்க்குக் கற்பித்தலால் தாம் கற்றது தெளியும். ஆகவே, திண்ணைப் பள்ளியின் முறை வைத்தல் வீண் வேலையன்று. பொருளுணராது ஒப்பித்தலும், பிழைக்குப் பிரம்படியும் அம்முறையின் குறைகள். அச்சம் கல்விக்குப் பகை. நான்கு கொடைகளுள் புகலும் கல்வியும் அடுத்தடுத்து எண்ணப்பட்டமையின் உண்மை இங்கு விளங்கும்.

நினைவாற்றல் பயிற்சியால் எவ்வளவு உயரும் என்பதற்கு நம் அவதானிகளே சான்று. தென்காசிக்குத் தெற்கே நாஞ்சில் நாட்டுக் கோட்டாற்றிற் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) 1907இல் சென்னையில் சதாவதானம் நிகழ்த்தி அறிஞரை வியப்பில் ஆழ்த்தினார். இக்கால நினைவுப் போட்டி வல்லோரை ஆராய்ந்தோர், அவர்தம் திறன் பெரிதும் முறையான பயிற்சியால் வந்தது எனக் கண்டனர். லேகியமும் தைலமும் அத்தகைய பயிற்சிக்கு ஈடாகா.

ஆனால், பயிற்சிக்கும் முதல் வேண்டும். மூளையின் எடை உடலின் எடையில் நூற்றுக்கு 2 பங்கு. அது செலவிடும் ஆற்றலோ ஏறத்தாழ நூற்றுக்கு 20 பங்கு. பசித்த சிறுவனுக்குப் பாடம் ஏறாது என்பதை ஆராய்ச்சிக் கூடமின்றியே அறியலாம். கரிசல் நிலம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த ஆண்டில் பிள்ளைகள் பள்ளியை விட்டு மாட்டின் பின்னும் களையெடுப்பிற்கும் சென்றனர். இந்நிலத்தைச் சார்ந்த எட்டயபுரத்தில் 1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தமை வரலாற்றுப் பொருத்தம் உடையது. 1982இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022இல் காலை உணவும் சேர்ந்தது. கழுகுமலையில் ஓதுவார்க்கு உணவளித்த அறம், ஆயிரம் ஆண்டுகட்குப் பின் அதன் அயலூரில் அரசின் கடமையாக மாறியது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். அருவியும் எண்ணெயும் உடலுக்கு இதமும் உள்ளத்திற்குத் தெளிவும் தருவன, கடுநோய்க்கு மருந்தாகா. வல்லாரை உணவாகலாம், நினைவிற்குப் பயிற்சியும் உறக்கமும் வேண்டும். நெட்டுரு பொருளுணர்வோடு சேர்ந்தவிடத்துப் பயன்தரும். கோயிலும் தர்காவும் புகல் அளிப்பன. அப்புகல் மருந்திற்கு வழிவிடுதல் வேண்டும், தடையாதல் கூடாது. பேச்சிலும் உறக்கத்திலும் நடத்தையிலும் திரிபு தோன்றிச் சில வாரம் நீடிக்குமாயின், மருத்துவரைக் காண்பதற்கு நாள் பார்த்தல் வேண்டா. அறிவுரை வேண்டுவோர்க்கு 2022 அக்டோபர் 10 முதல் 14416 என்னும் எண்ணில் டெலி மானஸ் என்னும் அரசுத் தொலைபேசித் துணையும் உண்டு.

முதுமையில் வரும் மறதி நோய் பற்றி லான்செட் குழுவொன்று 2024இல் வெளியிட்ட அறிக்கை, தவிர்க்கத்தக்க காரணங்கள் 14 எனக் கூறும். இளமையிற் கல்விக் குறைவு, நீரிழிவு, குருதியழுத்தம், உடலுழைப்பின்மை, சோர்வு நோய், தனிமை ஆகியன அவற்றுட் சில. கல்வியின்மையும் தனிமையும் நோய்க் காரணங்களாக அங்கு எண்ணப்பட்டுள்ளன. உணவு, மருந்து, கல்வி, புகல் எனச் சமணர் வகுத்த வரிசையோடு இதனை ஒப்பிட்டு நோக்குக. அவர்கள் மூளையின் தொழிலை அறிந்திலர். ஆயினும் மக்கள் நலத்திற்கு வேண்டுவன யாவை என்பதைப் பட்டறிவால் உணர்ந்திருந்தனர்.

இத்துறையில் செய்யவேண்டிய பணி இன்னும் மிகுதி. சங்கரன்கோயிலிலும் குற்றாலத்திலும் பொட்டல்புதூரிலும் வழங்கும் மருத்துவ வழக்கங்களை முதியோரிடம் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். தென்காசி வட்டாரத்து வைத்தியர் இல்லங்களில் உள்ள கிரிகைச் சுவடிகள் செல்லரிக்குமுன் படியெடுக்கப்பட வேண்டும். கழுகுமலை வட்டெழுத்துக்களில் வரும் ஆசிரியர், மாணாக்கர் பெயர்களை ஊர்வாரியாகத் தொகுத்தால், அன்றைய கல்வியின் பரப்பு தெளிவாகும். இப்பணிகளில் மருத்துவக் கல்லூரியும் தமிழ்த்துறையும் கூடி உழைத்தல் இன்றியமையாதது.